பத்தியச் சட்டி

என் வீட்டில் எனக்கு யாரும் சோறு போடுவதில்லை. சட்டியில் சோறு இருக்கும், குழம்பு இருக்கும், பக்கத்தில் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன். அந்த நேரத்தில் என் மனைவி அடுப்படியை விட்டு வெளியே போய்விடுவாள். எங்கள் மகளுக்கு ஊட்டுவாள், வந்தவர்களுக்கு வேண்டுமா வேண்டுமா என்று கேட்டுப் பரிமாறுவாள். என் தட்டை மட்டும் தொடமாட்டாள். இதைப் பார்த்த வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சண்டை இல்லை. பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. இது எப்படி வந்தது என்று நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆனபோது, ஐப்பசி மழையில் வரப்பு கட்டிவிட்டுத் திரும்பிய நைனா வாசற்படியில் விழுந்தார். வலது கையும் காலும் போய்விட்டன. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பேச்சு போய்விட்டது.

அவருக்குக் கஞ்சி கொடுக்கிற வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். சுவர் ஓரமாக ஒரு வைக்கோல் மூட்டையைப் போட்டு, அவரைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைப்பாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை ஒன்று வைத்திருந்தாள். அதில் கஞ்சியை எடுத்து, கோணாத பக்கம் உதட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பாள். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். ஒரு டம்ளர் கஞ்சிக்கு அரை மணி நேரம் ஆகும்.

"நீங்க குடுத்தாலும் உக்கார வெச்சித்தான் குடுக்கணும். படுக்க வெச்சிக் குடுத்துராதீங்க" என்று என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லியிருந்தாள்.

தை மாதம் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அம்மா களத்தில் இருந்தாள். மனைவி கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் நான் கோணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நைனா என்னைப் பார்த்ததும் இடது கையால் வயிற்றைத் தட்டிக் காட்டினார். களத்தில் தூற்றுவதற்கு ஆள் நின்றிருந்தது, காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்று நின்றுவிட்டால் அன்றைக்கு வேலை முடியாது என்பதுதான் என் மனசில் இருந்தது. அவரைத் தூக்கி உட்கார வைக்கவில்லை. பாலாடையும் தேடவில்லை. டம்ளரில் இருந்த கஞ்சியை அப்படியே வாயில் ஊற்றினேன்.

இரண்டாவது மடக்கில் அவர் கண் பெரிதானது. இருமல் வரவில்லை. இருமல் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம், மடையில் தக்கை அடைத்துக்கொண்டால் வருமே, அந்த மாதிரி. இடது கையால் என் சட்டையைப் பிடித்தார். நான் முதுகைத் தட்டினேன், தூக்கினேன், புரட்டினேன். சட்டையைப் பிடித்த கை தானாக விட்டுவிட்டது.

நான் துண்டை எடுத்து அவர் வாயையும் கழுத்தையும் துடைத்தேன். அதற்குள் மனைவி ஈரத் துணியோடு உள்ளே வந்துவிட்டாள். நைனாவைப் பார்த்தாள். என் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். கீழே உருண்டு கிடந்த டம்ளரைப் பார்த்தாள். குனிந்து அதை எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தாள். பிறகுதான் அழுதாள்.

அம்மா ஓடிவந்து கேட்டபோது நான் சொன்னேன்: "தூக்கத்துலயே போயிட்டாரும்மா."

மறுநாள் காலையில் எடுத்தோம். பிள்ளையாக நான்தான் வாய்க்கரிசி போட வேண்டும். பச்சரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தேன். துணியை விலக்கினார்கள். கீழ்ப் பல்லின் ஓரத்தில் ஒரு கஞ்சிப் பருக்கை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் துடைத்தபோது விட்டுப்போனது. அதன்மேல் அரிசியைப் போட்டேன்.

பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டில் முதல் வாய் சோறு எனக்கு இறங்கவில்லை.

தண்ணீர் இறங்கியது. டீ இறங்கியது. சோற்றை மட்டும் வாயில் வைத்தால் தொண்டைக்குழியில் ஒரு நெல்லிக்காய் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். மென்று மென்று மாவாக்கினாலும் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும். யாரும் பார்க்காதபோது வெளியே போய்த் துப்பிவிட்டு வருவேன். கொஞ்ச நாளில் பசியும் நின்றுபோனது. ஒரு மாதத்தில் என் சட்டைகள் எனக்கே தொளதொளவென்று ஆகிவிட்டன. ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார்கள். தொண்டையில் ஒன்றும் இல்லை என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அம்மா என்னை உத்திரமேரூரில் ஒரு நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனாள். வயசானவர். என் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மேல் விரலை அழுத்தினார், பிறகு கீழ் விரலை. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"வாயு மேல ஏறி நெஞ்சுல நிக்கிது. தொண்டையில ஒண்ணும் இல்ல. ஆனா அடைப்பு நெஜம்" என்றார். "எப்போலேர்ந்து?"

"எங்க வூட்டுக்காரர் கருமாதியில இருந்துதாங்க" என்றாள் அம்மா.

"அவரு எப்படிப் போனாரு?"

"படுத்த படுக்கையா இருந்தாரு. தூக்கத்துலயே போயிட்டாரு."

வைத்தியர் அம்மாவைப் பார்க்கவில்லை. விரலை என் கையிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். "அப்படித்தானாப்பா?"

என் நாடி அவர் விரலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தலையை ஆட்டினேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

சீரகம், ஏலம், சுக்கு, அதிமதுரம் எல்லாம் வறுத்து இடித்துத் தேனில் குழைத்துக் காலையும் மாலையும் சாப்பிடச் சொன்னார். இஞ்சிச் சாறு எடுத்துத் தெளிய வைத்து, அடியில் தங்குகிற வெள்ளையைக் கொட்டிவிட்டு, மேலே நிற்பதை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். ஒரு மண்டலத்துக்குப் பத்தியம். புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது. புளி ஊறின பழைய சட்டியும் ஆகாது. புதுச் சட்டி வாங்கி அதில் எனக்கு மட்டும் தனியாக ஆக்க வேண்டும்.

"கை மாறக்கூடாது. ஒரே ஆளு ஆக்கிப் போடணும். ஆளுக்கு ஒரு பிடி போட்டா பத்தியம் கெட்டுடும்" என்றார்.

யாருடைய கை என்று யாரும் கேட்கவில்லை. அது என் மனைவியின் கைதான்.

சரக்கு வாங்க அவளும் நானும் கடைத்தெருவில் பாயின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனோம். எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாப்பா, தொண்டை அடைச்சிக்கிச்சாமே? தொண்டை அடைச்சா பேச்சு நிக்கணும். நீதான் எப்பவுமே பேசறது இல்லியே, உனக்கு இன்னாத்துக்கு இந்த வியாதி?"

என் மனைவி சிரித்துவிட்டாள். நைனா போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பாய் ஒவ்வொன்றாகப் பொட்டலம் கட்டி அவள் கையில் கொடுத்தார். அந்தப் பொட்டலங்களோடு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஊருக்குள் நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

விடியற்காலையில் அவள் உரலில் இடிக்கிற சத்தம் பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும். பின்கட்டில் மூன்று கல் வைத்துத் தனி அடுப்பு. புதுச் சட்டியில் எனக்கு மட்டும் பச்சரிசிக் கஞ்சி, பாசிப்பருப்பு, பிரண்டைத் துவையல். வேறு யாரும் அந்தச் சட்டியைத் தொடக்கூடாது என்று மூடி வைத்துவிடுவாள். அவள் பத்தியத்தைச் சரியாகக் காப்பாற்றினாள். அதுதான் அவளுக்கு வினையானது.

நான் தேறவில்லை. கஞ்சி கொஞ்சம் இறங்கும், மறுநாள் அதுவும் நிற்கும். இருபது நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. முதலில் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரமாக அம்மாவிடம் பேசினாள்.

"தனிச் சட்டியாம், தனி அடுப்பாம். அந்தச் சட்டியில இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா?"

"வைத்தியர் சொன்னதுதான்" என்றாள் அம்மா.

"வைத்தியர் சொன்னா ஆளு தேறணும் இல்ல? இவன் உருகிக்கினு இல்ல கீறான்? எனக்கு எதுக்கும்மா ஊரு வம்பு."

மருந்து வைப்பது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. புருஷனைத் தன் பேச்சைக் கேட்க வைப்பதற்காக ஒருத்தி சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவாளாம். அது செரிக்காமல் தொண்டையில் ஒட்டிக்கொள்ளுமாம். சோறு பிடிக்காமல் ஆள் இளைத்துக்கொண்டே போவான், ஆனால் கொடுத்தவள் சொல்வதை மட்டும் கேட்பான் என்பார்கள். இதை எடுக்கிறதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

அம்மா அன்று முதல் என் தட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் சாப்பிட்டு எழுந்ததும் மிச்சத்தை விரலால் கிளறிப் பார்ப்பாள். ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"இன்னாடி ஆக்கிப் போடற நீ? தினமும் உன் கையால துன்றான், தினமும் எலும்பா ஆவறான்."

என் மனைவி சட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். "நீங்களே பாருங்க அத்தை. துன்னும் பாருங்க."

"அய்யய்யோ, நான் எதுக்குத் துன்றேன்?" என்று அம்மா நகர்ந்துகொண்டாள்.

அப்போது மனைவி என்னைப் பார்த்தாள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைச் செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்குக் கூட்டிப்போனாள். மருந்து எடுக்கிற அம்மாள் அங்கே இருந்தாள். வெறும் வயிற்றில் வர வேண்டும், ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவர வேண்டும். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒட்டிய கன்னத்தோடு இருந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் கூட்டிவந்த ஒரு ஆள் இருந்தது, அந்த ஆளின் முகத்தில் மட்டும் ஏதோ ஒரு உறுதி இருந்தது.

என் முறை வந்தது. அந்த அம்மாள் எலுமிச்சம்பழத்தை என் தலையைச் சுற்றி அறுத்துப் போட்டாள். என்னவோ ஒரு பச்சைச் சாற்றைக் குடிக்கச் சொன்னாள். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. பிறகு ஒரு சாண் நீளப் பித்தளைக் குழலை என் தொண்டைக்குழியில் வைத்து மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். அவள் வாயை எடுத்து, விரித்து வைத்திருந்த வாழையிலைத் துண்டில் துப்பினாள். வெற்றிலை எச்சிலுக்கு நடுவில் மிளகளவு கறுப்பாக ஒரு உருண்டை. அதில் ஒரு முடி சுற்றியிருந்தது.

அவள் வெற்றிலை போட்டிருந்தாள். குழலை வாயில் வைப்பதற்கு முன்னால் அவள் வெற்றிலையைத் துப்பவில்லை. ஒரு கன்னம் முதலிலிருந்தே உப்பியிருந்தது. இதை நான் பார்த்தேன். ஆனாலும் அவள் பொய்க்காரி என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

"பாத்துக்கம்மா" என்று அம்மாவிடம் இலையை நீட்டினாள். "ரெண்டு மாசத்து மருந்து."

"யார் கைம்மா?"

"வெளி ஆளு இல்ல. தினம் சோறு போடற கை."

அம்மா அந்த இலையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போது முழுக்க ஒரு கையால் முந்தானையைப் பிடித்தபடியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே பழைய அடுப்பில் சோறு வடித்தாள். அம்மாவே போட்டாள். நான் சாப்பிட்டேன். இறங்கியது. நெல்லிக்காய் இல்லை. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன், மூன்றாம் முறை ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். அம்மா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "துன்னு நைனா, துன்னு" என்று, குழந்தையைக் கொஞ்சுவதுபோல என்னையே நைனா என்று கூப்பிட்டுச் சொன்னாள். என் மனைவி பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் சாப்பிட்ட ஒவ்வொரு பிடியும் அவளுக்கு எதிரான சாட்சி. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை, இரண்டு மாதப் பசி. செய்தது என் கை, குற்றம் இன்னொரு கைக்குப் போய்விட்டது, அதனால்தான் தொண்டை திறந்ததோ என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா முந்தானையை அவிழ்த்து அந்த இலையை அவள் முன்னால் போட்டாள்.

"இது இன்னா?"

அவள் இலையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் கை கழுவினேன்.

"உங்க அம்மா வூட்டுக்குப் போயிடு" என்றாள் அம்மா. "வர்ற வெள்ளிக்கெழம இல்ல, அடுத்த வெள்ளிக்கெழம ஊருல நாலு பேரை வெச்சிப் பேசித் தீத்துக்கலாம். எம்புள்ளைய நான் வாரிக் குடுக்க முடியாது."

தீர்த்துக்கொள்வது என்றால் கல்யாணத்தையே அறுத்துவிடுவது. எங்கள் மாமன் வீட்டில் எனக்குக் கட்டி வைக்க ஒரு பெண் இருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். என் மனைவி மறுநாள் காலை பஸ்ஸில் தென்னேரிக்குப் போனாள். போவதற்கு முன்னால் பத்தியச் சட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் நன்றாகச் சாப்பிட்டேன். பத்தாம் நாள் காலையில் அம்மா போட்ட பழைய சோற்றை வாயில் வைத்தேன். நின்றுவிட்டது. அதே இடம்.

துப்பிவிட்டு வந்தேன். அம்மா பார்த்துவிட்டாள். "அங்க இருந்துக்கினே பண்றா பாரு" என்றாள். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "வெள்ளிக்கெழம முடிச்சிடணும். அதுக்கப்புறம் இன்னொரு தபா எடுத்துடலாம்."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

அன்று அம்மா நெல் அவித்துக்கொண்டிருந்தாள். பெரிய அண்டாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். விறகைத் தள்ளிவிட்டேன். மறுபடி நின்றேன். ஆவியில் அம்மாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

"அம்மா, நைனா தூக்கத்துல போவல."

அவள் கரண்டியால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கஞ்சி குடுத்தேன். படுக்க வெச்சே ஊத்திட்டேன். பொரை ஏறிடுச்சி. அவ கெணத்தாண்ட இருந்தா. உக்கார வெச்சிக் குடுன்னு மொதல்லியே சொல்லியிருந்தா. நான் கேக்கல."

கரண்டி நின்றது. பிறகு அம்மா மறுபடி கிளற ஆரம்பித்தாள்.

"சொல்லிக் குடுத்துட்டாளா?"

"யாரும்மா?"

"ரெண்டு மாசமா இல்லாத ஞாபகம் இன்னிக்கு வந்துச்சா உனக்கு? அவளுக்கோசரம் கொலப் பழியக்கூட தலையில போட்டுக்கிற. நீ பேசலடா. அவ வெச்ச மருந்து பேசுது."

நான் பிறந்ததிலிருந்து அத்தனை வார்த்தை தொடர்ந்து பேசினதில்லை. அதுவே மருந்துக்குச் சாட்சியாகிவிட்டது. அன்றைக்கு அம்மாவும் சாப்பிடவில்லை.

மறுநாள் நான் வாலாஜாபாத் போய் அங்கிருந்து தென்னேரிக்குப் போனேன். மாமியார் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வா மாப்ள. உசுரோடதான் கீற. எம்பொண்ணு கொன்னுட்டான்னு இல்ல சொன்னாங்க?"

உள்ளே மனைவி இருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"நம்பல. நீ வெச்ச மருந்து பேசுதாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் போய்விட்டது.

"நீயே சொல்லியிருக்கலாமே, அன்னிக்கு, அம்மா அந்த எலய உன் முன்னாடி போட்டப்போ" என்றேன்.

"அத நான் சொல்லக்கூடாது. நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. மருமகன் வந்திருக்கிறான், இலை போட வேண்டும். மாமியார் இலையைப் போட்டாள். ஆனால் சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். முதலில் அவளே சட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு என் எதிரில் மென்று விழுங்கினாள். "பாத்துக்க மாப்ள. நானும் துன்னுட்டேன். இனிமே நீயே போட்டுத் துன்னு. எங்க கை உன் எலையில படாது." அதற்குள் எதிர்வீட்டுக்காரியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள், நாளைக்கு யாராவது கேட்டால் சொல்வதற்கு.

நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். நாலு வாய் இறங்கியது. ஐந்தாவது நின்றது.

"வூட்டுக்கு வா" என்றேன் மனைவியிடம்.

அவள் என் இலையில் நின்ற சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வரேன். இனிமே தனிச் சட்டி கெடையாது. எல்லாருக்கும் ஒரே சட்டி. நான் ஆக்குவேன், போடமாட்டேன். அத்தை எடுத்துத் துன்னட்டும், நீங்க எடுத்துத் துன்னுங்க. சாவற வரைக்கும் உங்க தட்டுல என் கை படாது."

வெள்ளிக்கிழமை காலையில் நாலு பெரியவர்கள் எங்கள் வாசலில் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா அந்த வாழையிலையைக் காய்ந்துபோன பின்னும் பத்திரமாக வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து வைத்தாள். நானும் மனைவியும் முந்தின நாளே வந்திருந்தோம். ஒரு பெரியவர் என்னைக் கேட்டார், "நீ இன்னாப்பா சொல்ற?"

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் எழுந்து உள்ளே போனேன். மனைவி அன்று காலை ஆக்கியிருந்த சட்டியைத் தூக்கி வந்து அவர்கள் முன்னால் வைத்து உட்கார்ந்தேன். தட்டில் போட்டுப் பிசைந்தேன். அத்தனை பேரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாய் வலியோடு இறங்கியது. இரண்டாவதை விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. நான் நிறுத்தவில்லை. ஒரு தட்டுச் சோறு முழுதும் தின்று தீர்த்தேன்.

"அவனே துன்றான், அவனே கூட்டிக்கினு வந்துட்டான். நாம எதுக்கு நடுவுல?" என்று ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போய்விட்டார்கள். அம்மா அந்த இலையை எடுத்து மடித்தாள். எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரே சட்டிதான். அவள் ஆக்கிவிட்டு வெளியே போவாள். அம்மா எடுத்துப் போட்டுக்கொள்வாள், பிறகு நான். அம்மாவும் அவளும் வேலை விஷயம் பேசுவார்கள், அதற்கு மேல் பேசமாட்டார்கள். நான் நெல் அவிக்கிற இடத்தில் சொன்னதை அம்மா ஒரு நாளும் மறுபடி எடுக்கவில்லை. நம்பவில்லை என்றே நானும் இருந்துவிட்டேன். தொண்டை மாதத்தில் நாலு நாள் அடைக்கும், பிறகு விடும். அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

போன கார்த்திகையில் அம்மா மாட்டுக் கொட்டகையில் விழுந்தாள். நைனாவுக்கு வந்ததேதான். வலது கை, வலது கால், பேச்சு.

அவளைக் கொண்டுவந்து நைனா படுத்திருந்த அதே சுவர் ஓரத்தில் படுக்க வைத்தோம். வேறு இடம் இல்லை. மனைவி கஞ்சி காய்ச்சிப் பாலாடையோடு கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். அவள் கையை அம்மா ஏற்கமாட்டாள் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம்.

நான் பாலாடையை எடுத்தேன்.

வாசலிலிருந்து அவள் குரல் வந்தது. "உக்கார வெச்சிக் குடுங்க."

வைக்கோல் மூட்டையைப் போட்டு அம்மாவைத் தூக்கிச் சாய்த்தேன். பாலாடையை உதட்டில் வைத்தேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. "அம்மா, கஞ்சிம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாலாடை பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். பற்களை இறுகக் கடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருந்தது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அண்டாவின் ஆவியில் நான் சொன்னதை அவள் நம்பியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷமும் தெரிந்துதான் இருந்திருக்கிறாள்.

மனைவி உள்ளே வந்து நின்றாள். "தள்ளுங்க" என்றாள். என் கையிலிருந்து பாலாடையை வாங்கினாள். அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

இப்போது மாசி. தினமும் மூன்று வேளை அவள்தான் புகட்டுகிறாள். நான் அந்த அறைக்குள் கஞ்சி நேரத்தில் போவதில்லை. அடுப்படியில் உட்கார்ந்து என் தட்டில் நானே போட்டுக்கொள்கிறேன். உள்ளேயிருந்து அம்மா விழுங்குகிற சத்தம் கேட்கும். அது கேட்ட பிறகுதான் நான் என் வாய்ச் சோற்றை விழுங்கப் பார்க்கிறேன். சில நாள் அந்தச் சத்தம் வரக் கொஞ்சம் தாமதமாகும். அதுவரைக்கும் சோறு தொண்டைக்குழியிலேயே நிற்கும்.